ஆணைக்கு வேண்டிய ஆதாரம்

மேடம், முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் மேஜைக்குக் கீழே இருக்கிற ஹீட்டரின் வயரைச் சுவரோரமாகப் போடச் சொல்லுங்கள். நாற்காலிக் கால் ஏறி ஏறி அதன் உறை நசுங்கியிருக்கிறது. இன்னொரு குளிர்காலம் தாங்காது. முப்பது வருஷமாக இதே வேலை பார்த்தவன், என் கண் தானாக அங்கேதான் போகிறது.

வக்கீல் என்னைப் பேச வேண்டாம் என்றார். நல்ல மனிதர், அவர் தொழில் அது. ஆனால் எதற்காகச் செய்தேன் என்பதை நானே சொல்லாவிட்டால், நீங்கள் ஏதோ ஒரு காரணத்தை எழுதிக்கொள்வீர்கள். பேராசை என்பீர்கள், தொழில் போட்டி என்பீர்கள். அப்படி எழுதினால் அது தப்பான காகிதமாகிவிடும். தப்பான காகிதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் பெயர் தர்லோச்சன் சிங் மத்தாரு. தாரி என்றால் லூதியானா ஜனதா நகர் முழுக்கத் தெரியும். அங்கே எங்கள் சந்தில் பதினெட்டுப் பட்டறைகள் இருந்தன. எல்லாரும் மின்கம்பளி செய்தோம். மெத்தைமேல் விரித்து அதன்மேல் படுத்துக்கொள்கிற கம்பளி. உள்ளே மெல்லிய சூட்டுக்கம்பி ஓடும். சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் தானாக நிறுத்த ஒரு விரல்நகம் அளவுப் பாகம் உண்டு. அதைக் கட்-ஆஃப் என்போம். கம்பளியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

என் பட்டறையில் அறுபத்திரண்டு பேர். முக்கால்வாசிப் பேர் பெண்கள். கம்பியைத் துணிக்குள் கோத்துத் தைக்கப் பெண்கள் கைதான் சரிப்படும். எதிர்ப்பட்டறை கேவல் கிருஷ்ண் பாட்டியாவுடையது. அவனும் நானும் ஒரே மிஸ்திரியிடம் பதினாறு வயதில் தொழில் கற்றுக்கொண்டவர்கள். என் கல்யாணத்தில், மாப்பிள்ளை ஊர்வலத்தில், நான் ஏறிய குதிரையைப் பிடித்து வந்தவன் அவன். இந்த வழக்கில் உங்கள் முதல் சாட்சியும் அவன்தான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டுக் கம்பளிகள் வர ஆரம்பித்தன. எங்கள் விலையில் பாதி. அட்டைப்பெட்டிமேல் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். முதல் வருஷம் சிரித்தோம். இரண்டாம் வருஷம் நான் பதினோரு பெண்களை நிறுத்தினேன். அவர்களில் ஒருத்தி, சிந்தோ என்று பெயர், கணக்கை முடித்துக்கொண்டு போகும்போது தன் கத்தரிக்கோலை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். பட்டறைச் சொத்தாம். பதினான்கு வருஷம் அவள் கையிலேயே இருந்த கத்தரிக்கோல்.

எனக்கு ஹிமாசலில் பழைய வியாபாரி ஒருவர் உண்டு. குல்லுவுக்குப் பக்கத்தில் பூந்தரில் கடை. பெயர் பாலக் ராம். இருபது வருஷப் பழக்கம். ஒவ்வொரு அக்டோபரிலும் சரக்கோடு போவேன், அவர் வீட்டில் இரண்டு நாள் தங்குவேன். அவர் மனைவி நிர்மா, பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன், எனக்காகவே சித்து அவித்து வைப்பாள். புளிக்கவைத்த மாவுக்குள் வால்நட் பொடித்து வைத்து ஆவியில் வேகவைப்பது. நடுவில் பிளந்து நெய் ஊற்றித் தருவாள். போதும் என்றால் விடமாட்டாள்.

அந்த வருஷம் பாலக் ராம் கடையில் வெளிநாட்டுப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"சர்தார்ஜி, கோவிச்சுக்காதீங்க. உங்க சரக்கை எடுத்து முன்னால வைக்கிறேன். வர்றவன் விலையைக் கேட்டுட்டு அந்தப் பக்கம் கையை நீட்டுறான். நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஊருக்குத் திரும்பியதும் சந்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு டில்லிக்குப் போனோம். அதற்கான அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மின்கம்பளிக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை வேண்டும். அரசின் தர முத்திரை இல்லாத கம்பளி நாட்டுக்குள் வரவும் கூடாது, விற்கவும் கூடாது. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வயதானவர், கழுத்தில் மப்ளர், ஜலதோஷம். எங்கள் கோப்பை முழுதும் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"தரமில்லாத சரக்குன்னு நாப்பது எடத்துல எழுதியிருக்கீங்க. இதால யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கா? தீப்பிடிச்சுதா, ஷாக் அடிச்சுதா?"

அப்படி ஒன்றுகூட எங்கள் கோப்பில் இல்லை.

"விலை கம்மின்னு ஒரு பொருளைத் தடுக்க முடியாதுங்க. ஆபத்துன்னா தடுக்கலாம். ஆதாரம் கொண்டாங்க, நானே முன்னால நின்னு வாங்கித் தர்றேன்."

ரயிலில் கேவல் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். பராத்தாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான், "நல்லவேளை குடுக்கல."

"என்ன பேச்சு இது?"

"யோசிச்சுப் பாரு தாரி. முத்திரை வேணும்னா ஒவ்வொருத்தனும் பட்டறையிலேயே சோதனைக் கூடம் வெக்கணும். அதுக்கு ஒரு இன்ஜினியர். வருஷா வருஷம் கட்டணம். உனக்குக் கட்டுப்படியாகும். எனக்கு? ஆறு மெஷின் வெச்சிருக்கவனுக்கு? அதவிடு. சூட்டுக்கம்பி எங்கேருந்து வருது? அதே நாட்டுலேருந்துதான். இன்னிக்குக் கம்பளிக்கு ஆணை போட்டா, நாளைக்குக் கம்பிக்கும் போடுவான். அப்ப எதைவெச்சுத் தைப்ப, உன் தாடிமயிரையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மனசில் அந்த அதிகாரி சொன்ன ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆதாரம்.

நான் அவசரக்காரன் இல்லை, மேடம். முதலில் நேர்மையான வழியைத்தான் முயன்றேன். அந்த வெளிநாட்டுக் கம்பளிகளில் ஆறு வாங்கி என் பட்டறைப் பின்னறையில் வைத்து ஒரு மாதம் சோதித்தேன். மடித்துப் போட்டேன். மேலே கனமான ரஜாய்ப் போர்வைகளைப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். ஒவ்வொரு தடவையும், சூடு ஏறி ஓர் அளவு வந்ததும், டக் என்று கட்-ஆஃப் விழுந்து மின்சாரம் நின்றது. ஆறிலும் விழுந்தது. முப்பது நாளும் விழுந்தது. என்னுடைய கம்பளியில் நூற்றுக்கு இரண்டு மூன்று சரியாக விழாது. அதை நாங்கள் சோதித்து ஒதுக்கிவிடுவோம்.

அது நல்ல கம்பளி. பிரச்சினையே அதுதான்.

அந்த மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆறு கம்பளி நன்றாயிருந்தால் ஆறு லட்சமும் நன்றாயிருக்கும் என்று யார் சொல்ல முடியும்? எங்கோ ஒரு கம்பளியில் அந்தப் பாகம் வேலை செய்யாமல் போகத்தான் போகிறது. என்றைக்கோ யாரோ ஒருவர் சாகத்தான் போகிறார். அதற்குப் பிறகு ஆணை வரும். அதற்குள் எங்கள் சந்து இருக்காது. நடக்கப் போவதை முன்கூட்டி நடத்தினால் ஜனங்களும் பிழைப்பார்கள், எங்கள் சந்தும் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்போது அது மிகச் சாதாரணமான கணக்காகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் ஆளில்லாத பகல். ஏழாவதாக ஒரு கம்பளி வாங்கி வைத்திருந்தேன். சுவிட்சுப் பெட்டியைத் திறந்தேன். கட்-ஆஃப் இருந்தும் இல்லாததுபோலச் செய்தேன். பத்து நிமிஷ வேலை. முடித்துவிட்டு வெளியே வந்து, முக்கில் நின்று சோலே குல்சே சாப்பிட்டேன். பசித்தது.

டிசம்பர் கடைசியில் பூந்தருக்குப் போனேன். பாக்கிச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தேன். பாலக் ராம் வெட்கப்பட்டார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"ஊருக்கெல்லாம் இந்தப் பெட்டியை விக்கிறீங்க. வீட்டுல என்ன போட்டிருக்கீங்க?"

"அதுவா? உங்களோடதுதான் சர்தார்ஜி. அவ மாத்தவே விடமாட்டேங்கறா."

"பழசாயிருச்சே. விக்கிற சரக்கை வீட்டுல போட்டுப் பாக்க வேணாமா? நாளைக்கு எவனாவது கேட்டா என்ன சொல்லுவீங்க? நானும் பாக்கறேன், அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு."

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. நான் கோபமாக இல்லை என்று நினைத்துக்கொண்டார். அடுக்கின் மேலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டார். அது நான் கொண்டுவந்து, அவர் பார்க்காத நேரத்தில் அங்கே வைத்த பெட்டி.

நிர்மாவுக்குப் பிடிக்கவில்லை. "எதுக்கு பாயிஜி இது? உங்களோடதே நல்லாத்தான இருக்கு. பத்து வருஷமாப் படுக்கிறேன்" என்றாள்.

"பத்து வருஷம் ஆச்சுல்ல பாபி. எல்லாத்துக்கும் ஆயுசு உண்டு."

கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மத்தியானமே பஸ் பிடித்தேன்.

ஒன்பதாம் நாள் காலை எட்டரை மணிக்கு போன் வந்தது. பாலக் ராமின் தம்பி. நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பாபி போயிட்டாங்க" என்றான். படுக்கை எரிந்துவிட்டது. புகை. பாலக் ராம் அவளை இழுத்து வெளியே போட்டிருக்கிறார், ஆனால் நேரமாகிவிட்டது. அவர் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயின.

நான் உடனே புறப்பட்டேன். பியாஸ் ஆற்றங்கரையில் எரித்தார்கள். பாலக் ராமால் கொள்ளிக்கட்டையைப் பிடிக்க முடியவில்லை, கையெல்லாம் கட்டு. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் சிதை மூட்டினோம். அழுதேன், மேடம். நடிப்பில்லை. அவள் நல்ல பெண்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அவரிடம் மெதுவாகச் சொன்னேன், "இது இன்னொரு வீட்டுல நடக்கக் கூடாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான்தான வித்தேன்" என்றார். "எத்தனை வீட்டுக்கு வித்திருக்கேன் தெரியுமா?"

பிப்ரவரியில் அவரை டில்லிக்கு அழைத்துப் போனேன். ஆணையைப் பரிசீலிக்கிற குழுவுக்கு முன்னால் பேசினார். அலங்காரமில்லாமல் பேசினார். என் மனைவி பழைய கம்பளியே போதும் என்றாள், நான்தான் கேட்கவில்லை என்றார். அந்த வயதான அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வாக்குமூலத்தில் பாலக் ராமால் கையெழுத்துப் போட முடியவில்லை, விரலில் ரேகையும் இல்லை. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்னது எல்லாம் உண்மைதானே.

செப்டம்பரில் ஆணை வந்தது.

முதல் குளிர்காலம் நன்றாக இருந்தது. வெளிநாட்டுப் பெட்டிகள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டன. நிறுத்திய பதினோரு பெண்களையும் திரும்பக் கூப்பிட்டேன். சிந்தோவின் கத்தரிக்கோலை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் என் காலைத் தொட வந்தாள், தடுத்துவிட்டேன்.

பிறகு நடந்ததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கேவல் ரயிலில் சொன்னதெல்லாம் நடந்தது. சோதனைக் கூடம் வைக்க முடியாமல் இரண்டு வருஷத்தில் பதினெட்டுப் பட்டறைகளில் பதினான்கு மூடிக்கொண்டன. கேவலுடையது மூன்றாவது. ஷட்டரை இறக்கிவிட்டு என் வாசலில் வந்து நின்று, "முத்திரை நல்லாயிருக்கு தாரி. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். வேலை தேடி அலைந்தான். கடைசியில் ஒரு தனியார் சோதனைக் கூடத்தில் சேர்ந்தான். எதை முடியாது என்றானோ அதற்கே சம்பளக்காரன் ஆனான்.

மூன்றாம் வருஷம் சூட்டுக்கம்பிக்கும் ஆணை வந்தது. வெளிநாட்டுக் கம்பி ஆலைகள் முத்திரைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தன; ஆய்வுக்குப் போக ஆளில்லை என்றார்கள். உள்நாட்டில் கம்பி இழுப்பது ஒரே ஓர் ஆலை. அவன் சொன்னதுதான் விலை, அவன் கொடுத்ததுதான் கம்பி. தைக்கும்போதே ஒடியும். நான் பாதி மெஷினை நிறுத்தினேன். அந்த நேரத்தில் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி முறையாக விண்ணப்பித்து, முறையாக முத்திரை வாங்கிக்கொண்டு, முழுக் கம்பளியாகவே கொண்டுவந்து இறக்கியது. அவர்களுக்குப் பஞ்சாபில் ஒரு மொத்த வியாபாரி தேவைப்பட்டார்.

ஆமாம், மேடம். போன வருஷத்திலிருந்து என் பட்டறை அவர்களுடைய கிடங்கு. அறுபத்திரண்டு பேர் இருந்த இடத்தில் பெட்டி இறக்க நான்கு பேர் இருக்கிறார்கள். முன்பு வெளியிலிருந்து வந்ததைவிட இப்போது அதிகம் வருகிறது. ஆனால் எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது. இந்த வித்தியாசத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாலக் ராம், எரிந்த கம்பளியை நாட்டுக்குள் கொண்டுவந்த இறக்குமதியாளன்மேல் வழக்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். அது இழுத்துக்கொண்டே கிடந்தது. எரிந்துபோன சுவிட்சுப் பெட்டியை அவர் பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது மட்டும் எனக்குத் தெரியாது. கோர்ட் அதைச் சோதனைக்கு அனுப்பியது. லூதியானாவில் கேவல் வேலை பார்க்கிற கூடத்துக்கு அது வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை பகல் கேவல் கிடங்குக்கு வந்தான். டீ சொன்னேன். அவன் தொடவில்லை. ஒரு போட்டோவை மேஜைமேல் வைத்தான். கரிந்த பிளாஸ்டிக், நடுவில் ஒரு செப்புக்கம்பி முறுக்கு.

"இது யாரு போட்ட முறுக்கு தாரி?"

"எரிஞ்சுபோன கம்பியைப் பாத்து யாரு என்னன்னு சொல்ல முடியும்?"

"நான் சொல்லுவேன். மூணு சுத்து சுத்தி, நாலாவதை மடக்கி உள்ள விட்டிருக்கு. மிஸ்திரி இதை உனக்குச் சொல்லிக் குடுத்தப்ப பக்கத்துல உக்காந்திருந்தவன் நான். எனக்கு வரல, அடி வாங்கினேன். அந்த நாட்டு ஃபேக்டரில முறுக்கே கிடையாது. மெஷின்ல ஒரு கிள்ளு, முடிஞ்சுது."

வெளியே லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவ கையால சாப்பிட்டிருக்கியேடா" என்றான். குரல் உயரவில்லை. "நானும் ஒருதரம் உன்னோட வந்து சாப்பிட்டிருக்கேன்."

"கேவல், காரணம் கண்டறிய முடியலன்னு எழுது. அது பொய் இல்ல. ஆணை போச்சுன்னா திரும்பக் கண்ட சரக்கும் உள்ள வரும். ஜனங்க சாவாங்க."

"நீ இதை நம்பறியா, இல்ல எனக்காகச் சொல்றியா? எனக்குப் புரியல" என்றான். போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இன்னும் நான் ஒண்ணும் எழுதல. பாலக் ராம்கிட்ட நீயே போய்ச் சொல்லு. சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருப்பேன்."

நான் பூந்தருக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை பகல், கேவல் வேலைக்குப் போயிருந்த நேரம், அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கம்லேஷ் கதவைத் திறந்தாள். எப்போதும் போல உள்ளே போய் உட்கார்ந்தேன். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் என் கம்பளிதான் விரித்திருந்தது. அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த ஜோடியில் ஒன்று.

"ஒரு வாய் தண்ணி குடு கம்லேஷ்" என்றேன்.

அவள் நகரவில்லை. படுக்கையறை வாசலில் போய் நின்றுகொண்டாள். "பாஜி, நீங்க வந்தா ஒரு நிமிஷம்கூடத் தனியா விட வேணாம்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஏன்னு சொல்லல. நானும் கேக்கல" என்றாள். வாசலை விட்டு அசையவில்லை.

நான் எழுந்து வந்துவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. என் பையில் அன்று என்ன இருந்தது என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். கருவிகள் எப்போதும் என் பையில் இருக்கும்.

திங்கட்கிழமை உங்கள் ஆட்கள் வந்தார்கள்.

இப்போது நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். கேவலின் அறிக்கையில் கடைசிப் பத்தி. அது இரட்டைக் கட்டில் கம்பளி. ஒரே பெட்டிக்குள் இடப்பக்கத்துக்கு ஒரு சுவிட்சு, வலப்பக்கத்துக்கு ஒரு சுவிட்சு, இரண்டுக்கும் தனித்தனிக் கட்-ஆஃப். ஒன்றில்தான் கை வைக்கப்பட்டிருக்கிறது, மற்றது அப்படியே இருக்கிறது, ஏன் என்று எழுதியிருக்கிறான்.

கம்பளியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொன்னேன். அது முழு உண்மையில்லை. நிர்மாவுக்கு அதை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. நான்தான் மெத்தையைத் தூக்கி, சரியாக விரித்து, நாலு முனையும் கட்டிக் கொடுத்தேன். பிறகு எடுத்து விரிக்கும்போது திருப்பிப் போட்டுவிடுவார்களோ என்று எந்தப் பக்கம் தலை என்றும் காட்டிக் கொடுத்தேன். இருபது வருஷம் அந்த வீட்டில் தங்கியவன் நான். காலையில் முதலில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவள் என்பதால் நிர்மா கதவோரம் படுப்பாள். பாலக் ராம் சுவரோரம்.

யாரோ முகம் தெரியாத ஒருவர் வீட்டில் நடந்திருந்தால், எரிந்ததை வாரிக் கொட்டிவிட்டு அழுதுவிட்டுப் போயிருப்பார்கள். ஆணை வந்திருக்காது. பெட்டியும் பில்லும் வைத்திருக்கிற, நாலு பேர் முன்னால் பேசத் தெரிந்த, கேட்பவர்கள் நம்புகிற ஆள் வேண்டியிருந்தது. அப்படி எனக்குத் தெரிந்தவர் பாலக் ராம் ஒருவர்தான். அவருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

இரண்டு பக்கத்தையும் செய்திருக்க முடியும், மேடம். இன்னும் பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். நான் செய்யவில்லை. பாலக் ராம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார் என்றால் அது என்னால்தான். அதை யாராவது அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.